சின்ன மாப்பிள்ளைக்கு விழுந்த அடி

மைக்செட்காரருக்குத் தன் சகலையைப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் அது பொய். பிடிக்கும். அவனுக்கு ஒரு கஷ்டம் என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பவரும் இவர்தான். அவன் நன்றாக இருக்கும்போதுதான் இவருக்கு வயிறு லேசாகக் காந்தும்.

இவர் அந்த வீட்டின் மூத்த பெண்ணைக் கட்டியவர். பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் சின்னக் கடை. ஒலிபெருக்கிப் பெட்டிகள், ஆம்ப்ளிஃபயர், சுருள் சுருளாக வயர், நடுவில் இவர் உட்கார ஒரு ஸ்டூல். ஊரில் எந்தக் கட்சி கூட்டம் போட்டாலும், எந்தப் பள்ளிக்கூடம் விழா எடுத்தாலும் இவருடைய பெட்டிதான் பேசும். இவர் பேசமாட்டார். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்பதைத் தாண்டி மேடையில் ஒரு சொல் பேசியதில்லை. ஊர்க்காரர்களுக்கு இவர் பேரே மறந்துபோய், 'மைக்செட்' என்பதே பேராகிவிட்டது.

சகலை பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். வாட்டசாட்டமான ஆள், எந்நேரமும் சிரித்த முகம். அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மாமியாருக்கு முட்டிவலி பறந்துவிடும். மின்சார வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற மாமனார், பெரிய மாப்பிள்ளை வந்தால் கையால் நாற்காலியைக் காட்டுவார். சின்ன மாப்பிள்ளை வந்தால் எழுந்து தன் நாற்காலியையே கொடுப்பார். இதையெல்லாம் மனைவியிடம் சொன்னால், "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்பாள். வேலை இருந்தது. வேலைக்கு நடுவிலும் இது இருந்தது.

கடை இருந்த தெருமுனையில் லாரிகள் கண்மண் தெரியாமல் வரும். ஒரு நாள் வேலை முடிந்து வந்த துணிக்கடைப் பெண் ஒருத்தியை லாரி அடித்துப் போட்டுவிட்டுப் போனது. வேகத்தடை போடச் சொல்லித் தெருக்காரர்கள் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருந்த இடம் அது. அவள் இறந்த மறுநாள் சாயங்காலம் ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். பெரும்பாலும் கடைக்காரர்கள், துணிக்கடையில் அவளோடு வேலை பார்த்த பெண்கள். கத்தல் இல்லை, கல் இல்லை. பஸ்கள் வரிசையாக நின்றன. அதில் ஒன்று சகலையினுடையது. பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் பஸ்ஸோடு வந்தவன், நகர வழியில்லாமல் இறங்கி வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான்.

போலீஸ் வண்டிகள் வந்தன. அதிகாரி ஒருவர் கலைந்து போகச் சொன்னார். எழுந்தவர்கள் சிலர், எழாதவர்கள் பலர். யாரும் எதையும் யோசிப்பதற்குள் லத்தி இறங்கியது. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்களின் முதுகில் முதல் அடி விழுந்த சத்தம் மைக்செட்காரரின் கடை வரைக்கும் கேட்டது.

தெருவே படபடவென்று ஷட்டரை இறக்கியது. இவரும் இறக்கினார். பாதி இறக்கும்போதுதான் பார்த்தார், சகலை ரோட்டு நடுவில், நெற்றியில் ரத்தம் வழிய, இவர் கடையைப் பார்த்து ஓடி வருகிறான். பின்னால் மூன்று போலீஸ்காரர்கள். ஷட்டரை அப்படியே பிடித்துக்கொண்டு, குனிந்து வா என்று கையைக் காட்டினார். முழுசாக இறக்கியிருந்தால் இவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. உள்ளே பத்திரமாக இருந்திருப்பார். ஆனால் இறக்கவில்லை.

சகலை வந்து சேரவில்லை. எதிர் வரிசை செல்போன் கடைக்கு முன்னால் அவன் தடுக்கி விழுந்தான். விழுந்தவனை எழ விடாமல் மூன்று பேரும் அடித்தார்கள். தலை, தோள், கால் என்று பார்க்காமல் அடித்தார்கள். இவர் வெளியே ஒரு எட்டு வைத்தார். அதே நேரம் பக்கவாட்டில் வந்த இன்னொரு போலீஸ்காரர், ஷட்டரைப் பிடித்திருந்த இவரை ஓங்கி ஓர் அறை விட்டார். இடது காதில் ஏதோ வெடித்த மாதிரி இருந்தது. அதன்பிறகு அந்தப் பக்கம் உலகம் தண்ணீருக்குள் போய்விட்டது.

அறைந்தவர் ஸ்டேஷன் ஏட்டு. சாலைப் பாதுகாப்புக் கூட்டம் போடும்போதெல்லாம் இவர் கடையில் ஓசியில் மைக் வாங்கிப் போகிறவர். இரண்டாவது அறைக்குக் கையை ஓங்கிய பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

"நீயா? உள்ள போ," என்றார். அவ்வளவுதான்.

*

அரசு ஆஸ்பத்திரியில் சகலைக்குத் தலையில் தையல், இடது கையில் மாவுக்கட்டு. இவருக்கு டாக்டர் காதில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, சவ்வு கிழிந்திருக்கிறது, தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு துண்டுப் பஞ்சை வைத்து அனுப்பினார். பஞ்சுகூட உள்ளே வைத்ததால் வெளியே தெரியவில்லை.

மாமனார் பதறிக்கொண்டு வந்தார். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இவரைத் தாண்டிப் போய், சின்ன மாப்பிள்ளையின் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது இவர் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, "பெரிய மாப்பிள்ள, பாக்க வர்றவங்க நிறைய இருப்பாங்க. நீங்க கொஞ்சம் வாசல்ல நின்னு கவனிச்சுக்கோங்க," என்றார். இவருக்கு இடது பக்கம் நின்று சொன்னதால் பாதிதான் கேட்டது. பாதியே போதுமானதாக இருந்தது.

பார்க்க வருகிறவர்கள் நிஜமாகவே நிறைய. ஏனென்றால் செல்போன் கடை மாடியில் இருந்த பெண் ஒருத்தி எல்லாவற்றையும் படம் எடுத்துவிட்டாள். விழுந்தவனை மூன்று பேர் அடிக்கும் அந்த வீடியோ மறுநாள் காலையில் ஊர் முழுக்க எல்லோர் கையிலும் இருந்தது. டி.வி.யில் நாள் முழுக்க அதுவே ஓடியது. சகலையின் முகத்தைப் பெரிதாகப் போட்டுச் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள். 'ஒரு தொழிலாளியின் ரத்தம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கல்லூரிப் பிள்ளைகள் ஆஸ்பத்திரி வாசலில் மெழுகுவர்த்தியோடு நின்றார்கள். டீக்கடையில் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை. காரணமில்லாமல் போலீஸ் அடிக்குமா, அங்கே இவனுக்கு என்ன வேலை என்று ஒரு கூட்டம்; உன் வீட்டுப் பிள்ளையை இப்படி அடித்தால் தெரியும் என்று இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டமும் பேசியது சகலையைப் பற்றித்தான்.

மைக்செட்காரர் கடையில் வந்து கேட்டவர்களும் சகலையைத்தான் விசாரித்தார்கள். எப்படி இருக்கிறான், சாப்பிடுகிறானா, கை கூடிவிடுமா? இவர் ஒவ்வொருவரிடமும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் சொல்வது மாதிரி, "எனக்கும் காதுல ஒண்ணு விழுந்துச்சு," என்பார். அவர்கள் காதைப் பார்ப்பார்கள். அதில் பார்க்க ஒன்றும் இருக்காது. "அதோட போச்சேன்னு நினைச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

போனை எடுத்து அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்க ஆரம்பித்தார். முதலில் மனம் பதறித்தான் பார்த்தார். பிறகு தன்னைத் தேடினார். மாடியில் இருந்து எடுத்ததால் இவர் கடையின் தகரக் கூரை குறுக்கே வந்து மறைத்துவிட்டது. கூரைக்குக் கீழே, ஓரத்தில், பாதி இறங்கிய ஷட்டரின் விளிம்பும் இரண்டு கால்களும் தெரிந்தன. கால்கள் ஒரு எட்டு முன்னால் வருகின்றன. பிறகு தள்ளாடுகின்றன. கண்ணிமைக்கிற நேரம்தான். படத்தை நிறுத்தி, விரலால் பெரிதாக்கி, மனைவியிடம் காட்டினார்.

"இது என் கால்."

அவள் பார்த்தாள். "யார் காலா இருந்தா என்னங்க? முதல்ல அந்த மருந்தை ஊத்திக்கோங்க. நேத்தும் மறந்துட்டீங்க," என்றாள்.

இவருக்கே வெட்கமாகத்தான் இருந்தது. அடி வாங்கியதில் போய் எவனாவது பொறாமைப்படுவானா? அவன் ராத்திரி தூங்க முடியாமல் முனகுகிறான் என்று மைத்துனி அழுகிறாள். அவன் பஸ் முதலாளி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாம் தெரியும். தெரிந்தும் சுவரில் அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். நல்லதில்தான் அவன் முந்திக்கொண்டான் என்றால், பட்ட அடியிலுமா?

*

கண்டனக் கூட்டம் போட முடிவு செய்தார்கள். மைக்கும் பெட்டிகளும் கேட்டு வந்தார்கள் இவரிடம். வேறு யாரிடம் போவார்கள்? முடியாது என்று சொல்லப் பார்த்தார், வாய் வரவில்லை.

பஸ் நிலையத் திடல் நிரம்பி வழிந்தது. சுற்றிலும் போலீஸ். தலைக்கவசமும் தடியுமாக, இரும்புத் தடுப்புகளுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். ஏட்டும் அதில் இருந்தார். மேடைக்குப் பக்கவாட்டில் ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு, நல்ல காதை மேடைப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார் மைக்செட்காரர். ஒரு காதில் மட்டும் கேட்பதால் சத்தம் கூடுதலா குறைச்சலா என்றே அவருக்குப் பிடிபடவில்லை. கூட்டத்துக்குள் நடந்து நடந்து போய் ஜனங்களின் முகத்தைப் பார்த்துத்தான் சரி செய்ய வேண்டியிருந்தது.

முன்வரிசையில் மாமனார் சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவர்களிடம், மேடையில் இருப்பவன் தன் மாப்பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருப்பது இங்கிருந்தே தெரிந்தது. மாப்பிள்ளைகளில் ஒருவன் என்று சொல்லியிருக்கமாட்டார்.

தலைவர்கள் பேசி முடித்து, கடைசியில் சகலையைக் கூப்பிட்டார்கள். கட்டுப் போட்ட தலையும் தூளியில் தொங்கும் கையுமாக அவன் எழுந்ததும் திடலே எழுந்து நின்றது. கைதட்டல் நிற்கவே இல்லை. அவனுக்குப் பேசிப் பழக்கமில்லை. மெதுவாக ஆரம்பித்தான். அந்தப் பெண் செத்தது, பஸ் நின்றது, இறங்கியது என்று சொல்லிக்கொண்டே வந்தான். கூட்டம் மூச்சு விடாமல் கேட்டது.

"உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடுனேன்," என்றான். "ஒவ்வொரு கடையா பாத்தேன். எல்லாரும் ஷட்டரை இறக்கிட்டாங்க. உள்ள வான்னு கூப்பிட ஒருத்தர் இல்ல. அந்தத் தெருவுல அன்னைக்கு நான் தனியா இருந்தேன்."

பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். மைக்செட்காரரின் விரல் தானாகப் போய் ஸ்விட்சை அணைத்தது.

இன்னும் கொஞ்சம் யோசித்திருந்தால் அப்படிச் செய்திருக்கமாட்டார். ஆனால் யோசிக்கவில்லை. பெட்டிகள் ஊமையாயின. மேடையில் சகலை வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல், "கரண்டைக் கட் பண்ணிட்டாங்க." இன்னொரு குரல், "போலீஸ் வேலைதான் இது." அவ்வளவுதான், கூட்டம் கொதித்துப்போனது. நாற்காலிகள் சரிந்தன. பின்வரிசைப் பையன்கள் இரும்புத் தடுப்பைப் பிடித்து உலுக்கினார்கள். எங்கிருந்தோ ஒரு செருப்பு பறந்துபோய் ஒரு தலைக்கவசத்தில் பட்டது. போலீஸ் வரிசை ஒரே அசைவாக ஒரு எட்டு முன்னால் வந்தது. அதிகாரி கையை உயர்த்தினார். ஏட்டு தடியை மாற்றிப் பிடித்தார்.

அந்தத் தடிகள் யார் முதுகில் இறங்கப்போகின்றன என்று மைக்செட்காரருக்குத் தெரிந்தது. முன்வரிசையில் மாமனார் எழவும் தெரியாமல் உட்காரவும் தெரியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மைக்செட்காரர் ஸ்விட்சைப் போட்டுவிட்டு, மேடையில் தாவி ஏறி, சகலையின் கையில் இருந்த மைக்கைப் பிடுங்கினார்.

"போலீஸ் இல்ல," என்றார். குரல் பெட்டிகளில் மோதித் திரும்பி வந்தது. "போலீஸ் அணைக்கல. கரண்டும் போகல. நான்தான் அணைச்சேன். மைக்செட் பேசறேன். நான்தான்."

தள்ளுமுள்ளு கொஞ்சம் மட்டுப்பட்டது. அடிவயிற்றில் இருந்து ஒருவன் கத்தினான், எவ்வளவுடா வாங்கினே அவங்ககிட்ட என்று. அந்தக் கேள்விதான் இவரை உடைத்துவிட்டது.

"யார்கிட்டயும் ஒண்ணும் வாங்கல. அறைதான் வாங்குனேன். இந்தக் காது கேக்காது எனக்கு. இவன் சொல்றது சரியில்ல. என் ஷட்டர் பாதி திறந்துதான் இருந்துச்சு. இவன் வருவான்னுதான் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அந்த வீடியோல கூட என் கால் இருக்கு. யாருமே பாக்கல. அவனைப் பாத்தீங்க, போஸ்டர் போட்டீங்க, கையைத் தட்டுறீங்க. என்னை ஒருத்தராவது கேட்டீங்களா? எங்க மாமனார்கூடக் கேக்கல."

கடைசி வாக்கியம்தான் வேலை செய்தது. முதலில் எங்கோ ஒரு பெண் சிரித்தாள். பிறகு அந்த வரிசை சிரித்தது. பிறகு திடலில் பாதி சிரித்துவிட்டது. தடுப்பை உலுக்கிக்கொண்டிருந்த பையன்களும் கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரியின் கை கீழே இறங்கியது. போலீஸ் வரிசை வந்த எட்டைப் பின்னால் வைத்தது. ஏட்டு மட்டும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று அந்தத் திடலில் யாருக்கும் அடி விழாமல் போனதற்கு அந்தச் சிரிப்புதான் காரணம். ஆனால் சிரிக்கப்பட்டவருக்கு அது ஆறுதலாக இல்லை. மைக்கை மேடையிலேயே வைத்துவிட்டு, பெட்டிகளையும் வயர்களையும் அப்படியே போட்டுவிட்டு, வீட்டுக்கு நடந்து போய் முகத்தை மூடிப் படுத்துக்கொண்டார்.

*

அடுத்த நாள் இவரும் எல்லோர் கையிலும் இருந்தார். 'மாமனார்கூடக் கேக்கல' என்பதை மட்டும் வெட்டி எடுத்துப் பாட்டு சேர்த்து ஓட்டினார்கள். கடையைத் திறக்கவில்லை. காதில் மருந்து விடும்போது மனைவி, "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல, அவனுக்காகத்தான் நின்னேன்னு," என்றாள். சொல்லியிருக்கலாம்தான். யாராவது கேட்கட்டும் என்று இருந்துவிட்டார்.

சாயங்காலம் சகலை வந்தான். தூளியில் கையோடு ஆட்டோவில் இருந்து இறங்கி, கட்டில் ஓரத்தில் இவருடைய நல்ல காது இருக்கும் வலது பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தான்.

"கண்ணுல ரத்தம் இறங்கிடுச்சு அண்ணே. சத்தியமா உங்க ஷட்டரை நான் பாக்கல. ராத்திரி பூரா அந்த வீடியோவைப் பாத்தேன். கால் தெரியுது."

"தெரியுதா?" என்றார் இவர், போர்வையை விலக்காமல்.

"நல்லாத் தெரியுது. உங்க பழைய செருப்பு."

பிறகுதான் அவன் மற்றதையும் சொன்னான். பஸ் முதலாளி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். போலீஸ் விஷயத்தில் பெயர் அடிபட்டவன் வண்டியில் பிள்ளைகளை எப்படி அனுப்புவது என்று பெற்றோர்கள் கேட்கிறார்களாம். போஸ்டர் ஒட்டியவர்களும் அதில் அடக்கம். தெருவில் நடந்தால் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், வேலை கேட்டால் பார்க்கலாம் என்கிறார்கள். "உங்களை மாதிரி யாருக்கும் தெரியாம அடி வாங்கிட்டு என் வேலையைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கலாம்னு தோணுது," என்றான். மைக்செட்காரர் எழுந்து உட்கார்ந்தார். தன்னைப் பார்த்தும் ஒருவன் ஏங்க முடியும் என்பது அவருக்குப் புதிது. சந்தோஷப்படலாமா கூடாதா என்று தெரியாமல், டீ போடச் சொன்னார்.

இதற்குள் வேறொன்றும் நடந்திருந்தது. மைக்செட் பேசியதைக் கேட்டுச் சிரித்தவர்களில் சிலர் வீட்டுக்குப் போனபின் சிரிக்கவில்லை. துணிக்கடைப் பெண்களில் ஒருத்தி விலா எலும்பில் விரிசல் விட்டதை வீட்டில்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறாள். தையல்காரர் ஒருவருக்கு விரல் மடங்கவில்லை. கூரியர் கொடுக்கிறவருக்குக் கால் முட்டி. எல்லோரும், படத்தில் இருப்பவனுக்குத்தானே நியாயம் கிடைக்கும், நம்மை யார் கேட்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டவர்கள். மைக்செட்டே கேட்டுவிட்டாரே, நாமும் கேட்டால் என்ன என்று ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு வக்கீலம்மா எல்லோருக்கும் சேர்த்து மனு போட்டார். ஓர் ஆளை அடித்த வழக்கு ஒரு தெருவையே அடித்த வழக்காக மாறியது.

விசாரணை நாளில் விசாரணை அதிகாரியின் அலுவலக வராந்தாவில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மைக்செட்காரர் சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்திருந்தார். தன் காதைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். விலா எலும்பு போனவளை முதலில் கூப்பிட்டார்கள். அடி பெரிது, வெகுநேரம் உட்கார முடியாதென்று. நியாயம்தான் என்று தலையாட்டினார். அடுத்தது சகலை. அவன் உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. கடைசியாகத்தான் இவர் முறை வந்தது. விசாரணை அதிகாரி பொறுமையாகக் கேட்டார், எழுதிக்கொள்ளச் சொன்னார், வீடியோவில் கால்களைப் போட்டு இது நீங்கள்தானா என்றார். இவர் ஆமாம் என்றார். அறைந்தது யார் என்றார். இவர் ஏட்டின் பெயரைச் சொன்னார்.

வெளியே வந்ததும் சகலையை ஓரமாக இழுத்துப் போனார்.

"உன்கிட்ட என்னென்ன கேட்டாரு?"

அவன் சொன்னான்.

"ராத்திரி தூக்கம் வருதான்னு கேட்டாரா? என்கிட்ட அதைக் கேக்கலையே," என்றார். சொன்ன பிறகு தானே சிரித்துவிட்டார்.

அடித்த போலீஸ்காரர்களை வேலையில் இருந்து நிறுத்தி வைத்தார்கள், ஏட்டையும் சேர்த்து. வழக்கு இன்னும் நடக்கிறது. தெருமுனையில் வேகத்தடை வந்துவிட்டது. சகலையின் கை கூடிவிட்டது. இவர் காது முழுசாகத் திரும்பவில்லை. மாமனார் ஒரு நாள் கடைக்கே வந்து, வலது பக்கமாக நின்றுகொண்டு, காது எப்படி இருக்கிறது என்று கேட்டார். திடலில் அத்தனை பேர் முன்னால் சொன்னதால்தான் கேட்கிறார் என்று தெரியும். இருந்தாலும் ஒவ்வொன்றாக விவரம் சொன்னார், டாக்டர் சொன்னது உட்பட.

சகலை இப்போது இவரிடம்தான் வேலை பார்க்கிறான். சின்ன வேன் ஒன்றில் பெட்டிகளை ஏற்றிப் போவதும், சத்தம் சரியாக இருக்கிறதா என்று இரண்டு காதாலும் கேட்டுச் சொல்வதும் அவன் பொறுப்பு. தொழில் முன்னைவிட நன்றாகவே நடக்கிறது. ஆனால் கூட்டம் போடுகிறவர்கள் கடைக்கு வந்தால், இவரிடம் தேதியைச் சொல்லிவிட்டுக் கண்ணால் உள்ளே துழாவுகிறார்கள். "அந்தத் தம்பியும் வருவார்ல?" என்கிறார்கள். "வருவான், வருவான்," என்று சொல்லிவிட்டு, மைக்செட்காரர் கையில் இருக்கும் வயரைக் கொஞ்சம் இறுக்கியே சுற்றுவார்.